பொதித் தேர்வுத் திரை: டெபியன் நிறுவி பற்றிய ஒரு திறனாய்வு

கணினியொன்றிற் பணிசெயல் முறைமையை இட்டு நிலைபெறச் செய்யும் மென்பொருளை நிறுவி என வழங்குவர். நிறுவி தன் தொழிலை முடிக்குமுன் பயனரிடம் பல வினாக்களை வினவுகின்றது. எம்மொழி வேண்டும், எந்நாட்டில் உள்ளீர், விசைப்பலகை எவ்வகையது என்னும் வினாக்களுக்கு விடை கூறுதல் எவர்க்கும் அரிதன்று. விடை அவரிடத்தே முன்னரே உண்டு. வன்தட்டை எவ்வாறு பகுப்பது என்னும் வினா சிறிது அச்சம் தருவதாயினும், தட்டின் அளவும் அதில் உள்ளனவும் கண்முன் காட்டப்படுதலின் ஒருவாறு சிந்தித்து விடை கூறலாம். இவற்றின்பின் வரும் வினா ஒன்று இவையனைத்தினின்றும் இயல்பால் வேறுபட்டது. எந்த மென்பொருள்கள் வேண்டும் என்பதே அவ்வினா. அதற்கு விடை கூறுதற்கு வேண்டிய அறிவு, முறைமையைச் சில காலம் பயன்படுத்திய பின்னரே ஒருவர்க்கு வாய்க்கும். வினாவோ அவர் அதனைக் கண்ணாற் காணுமுன்னரே எழுப்பப்படுகின்றது.

இம்முரண்பாட்டை நிறுவிகளை வகுத்தோர் எவ்வெவ்வாறு எதிர்கொண்டனர் என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு பெரிதும் ஏற்றதாகும். 1993 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இயன் மேர்டொக் என்பவரால் தொடங்கப்பெற்ற அத்திட்டம் முப்பது ஆண்டுகட்கு மேலாக இடையறாது நடைபெற்று வருகின்றது. வணிக நிறுவனம் எதற்கும் உரியதன்றி, தொண்டர் பலரின் உழைப்பால் நடைபெறுவதாதலின் அதன் முடிவுகளும் அவற்றிற்குக் கூறப்பட்ட காரணங்களும் பெரும்பாலும் வெளிப்படையாகவே உள்ளன. ஒரே வினாவை அஃது எத்தனை வகையாக வினவிப் பார்த்தது என்பதை வரிசைப்படக் காணல் இயலும்.

முதற்கண் பொதி என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். டெபியனிலுள்ள மென்பொருள் யாவும் சிறு சிறு பொதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. சொற்செயலி ஒரு பொதி. அதன் அகராதி வேறொரு பொதி. இரண்டிற்கும் பொதுவாய் வேண்டப்படும் நிரல்கள் பிறிதொரு பொதி. ஒரு பொதி இயங்குதற்கு மற்றொன்று இன்றியமையாததெனின் அத்தொடர்பு சார்பு எனப்படும். சார்பினும் மெலிந்தனவாகப் பரிந்துரை, ஆலோசனை என இருவகைத் தொடர்புகளும் உள. ஆகவே ஒன்றைத் தெரிவு செய்தல் என்பது பெரும்பாலும் ஒன்றைத் தெரிவு செய்தலன்று. அதனுடன் இருபதோ நூறோ பின்தொடர்ந்து வரும்.

டெபியனுக்குச் சற்று முன்னர், அவ்வாண்டு யூலையில் வெளிவந்தது சிலாக்வேர் என்னும் வெளியீடு. நெகிழ்வட்டுக்கள் வழங்கிய காலம் அது. பற்றிக் வொல்க்கடிங் என்பார் அதன் பொதிகளை எழுத்துக்களாற் பெயர்பெற்ற தொகுதிகளாக வகுத்தார். ஏ என்பது அடிப்படைத் தொகுதி. டீ என்பது நிரலாக்கத்திற்கு உரியது. என் என்பது வலையமைப்பிற்கு உரியது. வை என்பது விளையாட்டுக்களுக்கு உரியது. விளையாட்டு வேண்டாதவர் வை எனக் குறித்த நெகிழ்வட்டுக்களை எழுதிக்கொள்ளவே வேண்டியதில்லை. தெரிவு என்பது கையிற் பிடித்து எண்ணத்தக்கதோர் அடுக்காக அன்று இருந்தது. எனினும் சிலாக்வேரின் பொதிக்கருவிகள் சார்பினை ஆராய்வதில்லை, இன்றும் அவ்வாறே. தேவையில்லையென நீக்கிய ஒன்றின்மேல் வேறு பல நிற்குமெனின் அவை வீழ்ந்த பின்னரே பயனர் அதனை உணர்வர். எனவே முழுவதையும் நிறுவுக என்பதே அவ்வெளியீட்டின் வழமையான அறிவுரையாயிற்று. வினாவைக் கைவிடுதலும் ஒரு விடையே. அதனைச் சோம்பல் எனக் கருதுவோர் உளர். அவர் கூற்று ஏற்புடையதன்று. விடையறியாதவரிடம் வினவுதலால் விளையும் கேட்டை அது நன்கறிந்திருந்தது.

டெபியன் அவ்வழியிற் செல்லவில்லை. சார்புகளைத் தானே ஆராய்ந்து தீர்க்கும் வல்லமையை அது தன் கருவிகளுக்கு அளித்தது. இயன் ஜாக்சன் என்பார் ஆக்கிய டிசெலக்ட் என்னும் நிரல், உள்ள பொதிகள் அனைத்தையும் ஒரே நெடும்பட்டியலாகத் திரையில் வைத்தது. கூட்டற்குறி இட்டால் தெரிவு. கழித்தற்குறி இட்டால் நீக்கம். ஒரு தெரிவினாற் சார்பு முரண்பாடு தோன்றின், முன்னறிவிப்பின்றி வேறொரு திரை எழுந்து அம்முரண்பாட்டைக் காட்டும். அத்திரையினின்று மீளும் வழி அறியாது திகைத்தோர் பலர். 1996 ஆம் ஆண்டு யூனில் வெளிவந்த 1.1 ஆம் பதிப்பில் 474 பொதிகளே இருந்தன. ஓரிரவு பொறுமையாய் இருந்து அனைத்தையும் படித்து முடித்தல் அன்று இயலாத காரியமன்று. 1998 இல் அத்தொகை 1,500 ஐக் கடந்தது. 2000 இல் 3,900 ஐக் கடந்தது. 2002 இல் 8,500 அளவை எட்டியது. பட்டியல் வளர்ந்தது, திரையோ வளரவில்லை.

நூலுக்குக் குற்றம் பத்து எனக் கூறும் நன்னூலார் அவற்றுட் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்பவற்றையும் எண்ணுவர். கணினித் திரை நூலன்று. ஆயினும் படிப்போர்க்கெனச் சொற்களை நிரல்பட வைப்பது எதுவாயினும் அதனை இவ்வளவைகளால் அளத்தல் பொருந்தும். டிசெலக்டின் குற்றம் மிகைபடக் கூறல் என்பதில் ஐயமில்லை. அதனை ஆக்கியவரைக் குறைகூறுதல் மட்டும் நேர்மையன்று. ஒவ்வொரு பொதிக்கும் இன்னது செய்வது என ஒரு விளக்கமும் அப்பட்டியலின் கீழே காட்டப்பட்டது. படிக்கும் பொறுமையுடையவர்க்கு அறிவு மறுக்கப்படவில்லை. இதனைப் பின்வருவதனோடு ஒப்புநோக்கற் பொருட்டு நினைவிற் கொள்ளுதல் தகும்.

2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த 2.2 ஆம் பதிப்பு எளிய வழி, மேம்பட்ட வழி என இரண்டினைக் காட்டியது. மேம்பட்ட வழி டிசெலக்ட். எளிய வழி டாஸ்க்செல் என்னும் புதுநிரல். இதன்கண் வினா மாறியது. எப்பொதி வேண்டும் என்று கேளாது, இக்கணினியால் என்ன செய்யக் கருதுகின்றீர் என்று அது கேட்டது. கோப்பு வழங்கியா, அஞ்சல் வழங்கியா, அச்சு வழங்கியா, மடிக்கணினியா, அறிவியற் பயன்பாடா, சிறுவர்க்குரியதா என்றாற்போன்ற பணிகள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. பொதிகளின் பெயரை அறியாதவரும் தம் நோக்கத்தை அறிவர். ஆகவே விடை அவரிடத்தே முன்னரே உள்ள வினாக்களின் வரிசையில் இவ்வினாவும் வந்து சேர்ந்தது. டெபியனின் பொதித்தேர்வு வரலாற்றில் இதனினும் சிறந்த மாற்றம் வேறில்லை எனலாம். அத்துடன் 2002 இன் 3.0 ஆம் பதிப்புத் திரையில் பணிவிளக்கம் என ஒரு பொத்தானும் இருந்தது. பட்டியல் சுருங்கியது, விளக்கமும் உடன் நின்றது. தொகையும் விரியும் ஒருங்கே அமைந்த காலம் அது. அது நெடிது நீடிக்கவில்லை.

2005 இல் வெளிவந்த 3.1 ஆம் பதிப்பில் நிறுவி முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. நிறுவியின் ஏனைய வினாக்கள் எந்தப் பொது அமைப்பால் வினவப்பட்டனவோ அதனாலேயே டாஸ்க்செலின் வினாவும் வினவப்படலாயிற்று. அதனால் ஒருமைப்பாடு கிட்டியது. பணிவிளக்கப் பொத்தான் மறைந்தது. பின்வந்த பதிப்புக்களிற் பணிகள் சிலவும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவற்றை நீக்கியது தவறன்று. அஞ்சல் வழங்கி நிறுவ விரும்புவோர்க்கு எந்த அஞ்சல் வழங்கி என்பதிலேயே வேறுபட்ட கருத்துக்கள் இருத்தலின் ஒரு குறியால் அவர்க்குப் பயன் சிறிதே.

2023 ஆம் ஆண்டு யூனில் 64,419 பொதிகளுடன் வெளிவந்த 12 ஆம் பதிப்பின் தேர்வுத் திரையைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். முறைமையின் கரு மட்டுமே இதுவரை நிறுவப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பு மேலே நிற்கும். கீழே பன்னிரண்டு வரிகள். முதலாவது டெபியன் மேசைச்சூழல். அதன்கீழ் மும்மூன்று புள்ளிகளை முன்னிட்டு எட்டுப் பெயர்கள்: க்னோம், எக்ஸ்.எஃப்.சி.ஈ., க்னோம் பிளாஷ்பாக், கே.டீ.ஈ. பிளாஸ்மா, சினமன், மாட்டே, எல்.எக்ஸ்.டீ.ஈ., எல்.எக்ஸ்.கியூ.ரீ. அவற்றின்பின் இணைய வழங்கி, எஸ்.எஸ்.எச். வழங்கி, நியம முறைமைப் பயன்கருவிகள் என மூன்று. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பன்னிரண்டாகத் தொகுத்தமை வியக்கத்தக்கதே. ஆயின் அப்பன்னிரண்டுள் எட்டு வெறும் பெயர்கள். சினமன் என்பதைப் படித்த மாணவன் ஒருவனுக்குக் கறுவா நினைவுக்கு வருமேயன்றி வேறெதுவும் வாராது. மாட்டே என்பது தென்னமெரிக்காவில் அருந்தப்படும் ஒரு பானத்தைத் தரும் செடியின் பெயர் என அறிந்தவர்க்கும் அவ்வறிவாற் பயனொன்றும் இல்லை. எது பழைய கணினியில் விரைந்து இயங்கும், எதற்கு நினைவகம் மிகுதியாய் வேண்டும், எது பார்வை குறைந்தோர்க்கு ஏற்றது என்பன பற்றி அத்திரையில் ஒரு சொல் இல்லை. தெரிவு செய்தது வன்தட்டில் எவ்வளவு இடங்கொள்ளும், இணையத்தினின்று எவ்வளவு இறக்கப்படும் என்பனவும் கூறப்படவில்லை. மேசைச்சூழல் ஒன்றைக் குறியிட்டால் பல நூறு மெகாபைற் இறங்கும் என்பது, அளவிட்டுத் தரவு வாங்கும் வீட்டில் அற்பமான செய்தியன்று. முன்னர் மிகைபடக் கூறிய திரை இன்று குன்றக் கூறும் திரையாயிற்று. பட்டியலைக் குறைக்கப் புகுந்தோர் விளக்கத்தையும் அதனோடு சேர்த்துக் குறைத்துவிட்டனர்.

குன்றக் கூறலோடு மயங்க வைத்தலும் அங்கு உண்டு. டெபியன் மேசைச்சூழல் என்னும் முதல் வரி தோற்றத்தில் ஒரு தலைப்பு; எட்டுப் பெயர்களும் அதன் பிரிவுகள். ஆயின் தலைப்பிற்கும் ஒரு தெரிவுப்பெட்டி உண்டு. அப்பெட்டி குறியிடப்பட்டு, பிரிவுகளுள் ஒன்றும் குறியிடப்படாதிருப்பின் யாது நிகழும்? மேசைச்சூழல் வேண்டாம் எனக் கருதிய ஒருவர் க்னோம் என்பதன் எதிரேயுள்ள குறியை நீக்கிவிட்டுத் தலைப்பின் குறியை நீக்க மறந்தால், அவர்க்கு மீண்டும் க்னோமே நிறுவப்படும். தலைப்பு என்பது இயல்பான மேசைச்சூழல் எனப் பொருள்படுவதும், அவ்வியல்பானது க்னோம் என முன்னரே முடிவு செய்யப்பட்டிருப்பதுமே அதற்குக் காரணம். நிரலின் உள்ளமைப்பை அறிந்தவர்க்கு இதில் முரண்பாடு இல்லை. திரையை மட்டும் படிப்பவரோ தாம் விலக்கியது வந்து நிற்பதைக் காண்பர். செய்யுள் தெளிவாயுள்ளது, உரை படித்தாற் புலப்படும் என்பது போன்றதோர் சமாதானம் இங்குச் செல்லாது. உரைநூலைத் திறந்துவைத்துக்கொண்டு நிறுவுவோர் மிகச் சிலர்.

மேலும், இணைய வழங்கி என்பது கணினி ஆற்றப்போகும் பணி. க்னோம் என்பது ஒரு பணியை ஆற்றும் பலவற்றுள் ஒன்று. நியம முறைமைப் பயன்கருவிகள் என்பது இவ்விரண்டும் அன்று. பொதிகளுக்கு இடப்பட்டுள்ள முதன்மை நிலைகளுள் நியமம் என்னும் நிலையினவற்றின் தொகுதி அது. மூவேறு சாதியினவற்றை ஒரே நிரலில், ஒரே வடிவிலான பெட்டிகளுடன் வைத்தல் வகுத்தலின் முதல் விதிக்கே மாறானது. வகுக்குங்கால் ஓர் அளவையே கொள்ளல் வேண்டும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது.

வரைகலையற்ற திரையில் நிறுவுவோர்க்கு இன்னுமொரு இடர் காத்திருக்கின்றது. அங்கு இடைவெளி விசை குறியிடும். உள்ளீட்டு விசை அடுத்த கட்டத்திற்குச் செலுத்தும். தம் விருப்பத்தின்மேல் ஒளிக்கோட்டை நிறுத்தி உள்ளீட்டு விசையை அழுத்துதல் ஏனைய நிரல்களிற் பழகியோர்க்கு இயல்பு. முந்திய வினாக்கள் பலவற்றில் இந்நிறுவியே அவ்வாறுதான் அவர்களைப் பழக்கியும் இருந்தது. அவ்வாறு அழுத்திய கணத்தில் அவர் விருப்பம் பதிவுறாது, முன்னமே குறியிட்டிருந்தவை நிறுவப்படத் தொடங்கும். எஸ்.எஸ்.எச். வழங்கி மட்டும் வேண்டியவர் முழு மேசைச்சூழலையும் பெற்று நிற்பது இவ்வழியாலேயே. நிறுவற் கையேடு இடைவெளி விசையைப் பற்றிக் கூறத்தான் செய்கின்றது. கூறவேண்டிய இடம் திரையே.

முன்னமே குறியிடப்பட்டிருத்தல் என்பது தனியே ஆராயப்பட வேண்டிய பொருள். திரையிலுள்ள வினாவுக்கு விடையறியாதோர் அனைவரும் அக்குறியை அவ்வாறே ஏற்றுக்கொள்வர். ஆகவே பெரும்பாலோர்க்கு முடிவு செய்பவர் பயனர் அல்லர், குறியிட்டவரே. 2012 முதல் 2014 வரை டெபியனில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. டாஸ்க்செலைப் பேணிவந்த ஜோய் ஹெஸ் என்பார் 2012 ஓகஸ்டில் இயல்பான மேசைச்சூழலை க்னோமிலிருந்து எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஆக மாற்றினார். க்னோம் முதலாவது இறுவட்டினுள் அடங்கவில்லை என்பதே காரணம். 2013 மேயில் 7 ஆம் பதிப்பு வெளிவருமுன் அம்மாற்றம் மீளப்பெறப்பட்டது. 2013 இன் இறுதியில் மீண்டும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. இயல்பாக்கப்பட்டது, சில மாதங்கள் சென்றபின் சீர்தூக்கி முடிவு செய்யப்படும் என்ற நிபந்தனையும் உடனிருந்தது. 2014 செப்டெம்பரில் க்னோமே மீண்டது. இம்முறை கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது அணுகுதன்மை. கட்புலன் இழந்தோரும் பிறரும் பயன்படுத்துதற்கு க்னோமில் இருந்த வசதி எக்ஸ்.எஃப்.சி.ஈ. இல் அவ்வளவிற்கு இருக்கவில்லை.

ஒரு நிரலில் ஒரு வரி மாறுவது தொழினுட்பச் செய்தியாகத் தோன்றலாம். வட்டின் கொள்ளளவு ஒருபுறமும் கண்ணற்றோர் உரிமை மறுபுறமும் வைத்து நிறுக்கப்பட்டன என்பதை நோக்கின் அதன் பொருள் விளங்கும். இறுதியில் எடுத்த முடிவு செம்மையானதே. மேசைச்சூழலைத் தாமே மாற்றிக்கொள்ளும் வல்லமையுடையோர் எப்பக்கம் முடிவு சென்றாலும் மாற்றிக்கொள்வர். திரையைக் காணவே இயலாதவர் முதலிற் கிடைப்பதையே நம்பியிருப்பர். இயல்பைத் தீர்மானிக்குங்கால் மாற்றிக்கொள்ள மாட்டாதவரை எண்ணித் தீர்மானித்தல் முறை. குறைகூறத்தக்கது வேறொன்று. இவ்வளவு சிந்தனையின் பயனாய் இடப்பட்ட குறியின் அருகே, ஏன் இது இயல்பாயிற்று என்பதைக் கூறும் அரைவரிதானும் இல்லை. முடிவெடுத்தோர் தம்முட் பரிமாறிய காரணங்கள் யாவும் பொதுவெளியில் இருக்க, யாருக்காக முடிவெடுத்தனரோ அவர் முன்னிலையில் அவை மௌனமாகிவிடுகின்றன.

பயன்பாட்டுக் கணக்கெடுப்பொன்றும் டெபியனில் உண்டு. எப்பொதிகள் பயன்படுகின்றன என்பதை, இசைவு தெரிவித்த பயனரின் கணினிகள் அவ்வப்போது அறிவிக்கும். அதற்கு இசைவு கேட்கும் வினா பொதித்தேர்வுத் திரைக்குச் சற்று முன்னர் வருகின்றது. அதன் இயல்பான விடை இல்லை என்பது. பயனரின் அந்தரங்கத்தை மதிக்கும் அவ்வமைப்புப் பாராட்டுக்குரியது. முதல் வட்டில் எவை இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இக்கணக்கு உதவுகின்றது. ஆயின் முன்னமே குறியிடப்பட்டது மிகுதியாய் நிறுவப்படும். மிகுதியாய் நிறுவப்பட்டது கணக்கில் உயர்ந்து நிற்கும். விருப்பத்தை அளப்பதாகக் கருதி இயல்பின் நிழலையே அளந்துகொண்டிருத்தல் கூடும்.

பிற வெளியீடுகளையும் சுருக்கமாக நோக்குதல் பயன்தரும். 2004 ஒக்டோபரில் டெபியனை அடியாகக் கொண்டு எழுந்த உபுண்டு, ஒரே இறுவட்டு, ஒரு தேவைக்கு ஒரு மென்பொருள் என்னும் கொள்கையால் வினாவையே அகற்றியது. அதன் வெற்றிக்கு அதுவுமொரு காரணம். 2018 இல் குறைந்தபட்ச நிறுவல் என ஒரு தெரிவு அதன்கண் மீண்டும் நுழைந்தது. 2023 ஒக்டோபரில் அக்குறைந்தபட்சமே இயல்பாயிற்று. றெட் ஹற் வழிவந்த பெடோராவில் முன்னர் அனைத்தும் என ஒரு தெரிவு இருந்தது. 2006 இல் அது நீக்கப்பட்டது. 2013 சனவரியில் வெளிவந்த பெடோரா 18 இன் நிறுவி தனிப்பொதித் தேர்வை அடியோடு விலக்கியது. அப்போது எழுந்த கண்டனம் சிறிதன்று. எனினும் அதன் புதிய திரையில் ஓர் ஒழுங்கு இருந்தது. இடப்பக்கத்திற் சூழல்கள், அவற்றுள் ஒன்றையே தெரிவு செய்யலாம். வலப்பக்கத்தில் அச்சூழலுக்குப் பொருந்தும் துணைத்தொகுதிகள்; அவற்றுள் எத்தனையும் கொள்ளலாம். டெபியன் ஒரே நிரலிற் கலந்து வைத்த இருவேறு வகைகளைப் பெடோரா இரு நிரல்களாகப் பிரித்து வைத்தது. டெபியன் சார்பிலும் ஒன்று சொல்லற்குரியது: அதன் திரையில் இரண்டு மூன்று மேசைச்சூழல்களை ஒருங்கே தெரிவு செய்யலாம். பலர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அவரவர் தமக்கு விருப்பமானதிற் புகுதல் அதனால் இயலும்.

தெரிவுகளைக் குறைத்தல் பயனரின் உரிமையைப் பறித்தலாகும் என வாதிப்போர் உளர். அதற்கு மறுமொழியாக, நிறுவிய பின்னர் எப்பொதியையும் சேர்க்கலாம், எதனையும் நீக்கலாம். ஆதலின் உரிமை எங்கும் போய்விடவில்லை எனக் கூறப்படும். இரு சாராரும் ஒன்றை மறக்கின்றனர். பின்னர்ச் சேர்த்தல் என்பது இணையத் தொடர்பு உள்ளவர்க்கே எளிது. இணையமில்லாப் பாடசாலைக் கணினியறையில் ஒரே வட்டிலிருந்து இருபது கணினிகளில் நிறுவும் ஆசிரியர்க்கு, அன்று குறியிட்டனவே ஆண்டு முழுவதும் மாணவர் காணும் உலகம். அவர்க்குத் திரை தரவேண்டியது தெரிவுகளின் மிகுதியன்று. தெரிவு செய்தற்கு வேண்டிய அறிவு. உரிமை பற்றிய வாதம் எண்ணிக்கையைப் பற்றியதாகவே நடைபெறுவது வருந்தத்தக்கது.

தமிழ்ப் பயனர் நிலையை நோக்கின் இக்குறை மேலும் விளங்கும். டெபியன் நிறுவி எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் வினவ வல்லது. 2007 இல் வரைகலை நிறுவி வந்த பின்னரே தமிழ் முதலிய எழுத்துக்களைத் திரையிற் சரிவரக் காட்டுதல் இயன்றது. நிறுவலின் தொடக்கத்திற் தமிழைத் தெரிந்தவர்க்குத் தமிழுக்குரிய எழுத்துருக்கள் முதலியன தாமே தெரிவாகின்றன. மொழிப்பணி என ஒன்று உண்டெனினும் அது பட்டியலிற் காட்டப்படுவதில்லை. மடிக்கணினிக்குரிய பணியும் அவ்வாறே. கணினி மடிக்கணினியெனக் கண்டால் நிரல் தானே அதனைக் குறியிட்டுக்கொள்ளும். இவ்விரண்டுமே இத்திரையின் மிகச் சிறந்த முடிவுகள். அவை திரையில் இல்லை என்பதே அவற்றின் சிறப்பு. விடை முன்னரே பெறப்பட்டதாயின் வினவ வேண்டுவதில்லை. அதே பயனர் தேர்வுத் திரைக்கு வருங்கால், வினா தமிழில் இருக்கின்றது. விடையாக நிற்கும் பெயர்களோ தமிழிலும் இல்லை. ஆங்கிலமறிந்தார்க்கும் பொருள் தருவனவாய் இல்லை. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பெயருக்கு மொழிபெயர்ப்பு ஏது? விளக்கமொன்று மூலத்தில் இருந்திருப்பின் அது தமிழில் வந்திருக்கும்.

ஒவ்வொரு புதிய வாக்கியமும் எழுபது மொழிகளிற் பெயர்க்கப்பட வேண்டியதாதலின் வாக்கியங்களைப் பெருக்கத் தொண்டர் தயங்குவர். இத்தயக்கம் நியாயமானதே. எனினும் எட்டுப் பெயர்களுக்கு எட்டு வரிகளே வேண்டும். பழைய கணினிக்கு ஏற்றது, முழுமையான வசதியுடையது, குரல்வழி வாசிப்புக்குத் துணைசெய்வது என்றாற்போன்ற சொற்றொடர்கள் போதும். மேசைச்சூழல் வேண்டுமா என்னும் வினாவை முதலில் வினவி, ஆம் என்றவர்க்கு மட்டும் எது என்னும் வினாவை அடுத்த திரையில் வைப்பின் தலைப்பும் பிரிவும் மயங்குதல் நீங்கும். நிறுவியிற் கைதேர்ந்தோர்க்கெனத் தனிநிலை ஒன்று ஏற்கெனவே உள்ளமையின், இன்றைய பட்டியலை விரும்புவோர்க்கு அங்கு அதனை வைத்தலும் கூடும்.

ஒருவகையில் இத்திருத்தத்தின் சாயல் டெபியனிலேயே உளது. நிறுவியின் தொடக்கப் பட்டியல் தோன்றியதும் எஸ் என்னும் விசையை அழுத்தி உள்ளீட்டு விசையையும் அழுத்தினால், கண்ணற்றோர்க்கெனக் குரல்வழி நிறுவல் தொடங்கும். அப்போது பொதித்தேர்வுத் திரையும் வேறு வடிவு பெறுகின்றது. பெட்டிகள் இல்லை, ஒளிக்கோடு இல்லை. ஒவ்வொரு வரியும் எண்ணிடப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுகின்றது. வேண்டியவற்றின் எண்களைப் பயனர் இடைவெளி விட்டுத் தட்டி அனுப்புகின்றார். எதைத் தெரிவு செய்தார் என்பதை அவரே எண்ணாற் கூறுதலின், விரும்பியதன்மேல் நின்றுகொண்டே விரும்பாததைப் பெறும் அவ்விடர் அங்கு நேர்வதில்லை.